பழசு இறங்கும் பாதை

நன்றி என்கிற சொல்லை நம்முடைய சனங்கள் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. கொங்குநாட்டுப் பண்ணையங்களில் அந்தச் சொல் ஒரு கயிறாக இருந்தது. கூழ் ஊத்தினேன், தீவாளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், உன் பிள்ளை கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தேன், நன்றி இருக்காடா உனக்கு? கூலி என்று கொடுத்தால் கணக்கு அன்றைக்கே முடிந்துபோகும். தயவு என்று கொடுத்தால் முடியாது. பேரன் காலம் வரைக்கும் அது வட்டி கேட்கும். குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆவது அதிகாரம். எம்.ஏ. வகுப்பில் அதை நடத்தும்போது, யார் செய்த உதவி, யார் அறிய வேண்டிய நன்றி என்று யாரும் கேட்கவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டவன் உழைத்தவனுக்கு நன்றி அறிய வேண்டும் என்று படிக்கவும் அந்த அதிகாரத்தில் இடமிருக்கிறது. அப்படிப் படித்த பண்ணையக்காரர் ஒருவரையும் எங்கள் பெரியவர்கள் பார்த்ததில்லை.

ஓடித் தேய்ந்த ஒரு சரக்கு வண்டிக்கு விடைகொடுப்பது பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது இந்தச் சொல்தான். இரும்புக்கு நன்றி சொல்லலாமா? நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருந்தால் எப்படித் தீர்ப்பது?

வண்டி டாடா ஏஸ். 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். சனங்கள் வாயில் அது குட்டி யானை. 2006இல் எங்கப்பா வாங்கினார். அம்மாவின் சீட்டுப் பணம், ஒரு ஜோடி கம்மல், மீதிக்கு பைனான்ஸ். 19 வருசத்தில் நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. மீட்டர் நடுவிலேயே செத்துப்போனது. அப்பாவின் டீசல் நோட்டில்தான் கணக்கு இருக்கிறது. நிலாவுக்கு இங்கிருந்து சராசரி 3,84,400 கிலோமீட்டர். எங்கள் வண்டி நிலாவைத் தொட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். ஆனால் ஓடியதெல்லாம் திருமுருகன்பூண்டி, அவிநாசி, திருப்பூர் என்ற இந்த வட்டத்துக்குள்ளேதான்.

இந்த ஊர்த் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பனியன் ஒரே கட்டடத்தில் பிறப்பது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொன்றும் வேறு வேறு சந்து, வேறு வேறு முதலாளி. ஊரே ஒரு மில் என்றால் ரோடுதான் அதன் பெல்ட். அந்த பெல்ட்டை இழுத்தவை இந்த மாதிரிச் சின்ன வண்டிகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருவன் போட்டுக்கொள்கிற சட்டையின் கழுத்துப்பட்டியில் நாட்டின் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். சுமந்தது யார் என்று இருக்காது.

சுமந்தவன் பெயர் இல்லாமல் போவது பூண்டிக்குப் புதிதல்ல. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியாக வந்தபோது சிவனுடைய பூதகணங்கள் வேடர் வேசத்தில் வந்து பறித்தன என்பது தலபுராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் பாடியிருக்கிறார். கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கியவர் பெயர் இருக்கிறது, பறித்தவர் யார் என்பதும் இருக்கிறது. மலைநாட்டிலிருந்து அந்தப் பொதியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்த ஆட்கள் யார்? அடிபட்டது யாருக்கு? புராணம் வாய் திறக்கவில்லை. இதே பூண்டியில் இன்றைக்குச் சிற்பக்கூடங்களில் உளிச்சத்தம் கேட்கிறது. கருங்கல்லில் செதுக்கிய சாமிகளை எங்கள் வண்டியும் ஏற்றிப்போயிருக்கிறது. வைக்கோல் பரப்பி, சாக்கு சுத்தி, குலுங்காமல் ஓட்டி, ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார் அப்பா. சில ஊர்களில், "அங்கயே நிறுத்துப்பா, நாங்க எறக்கிக்கறோம்" என்பார்கள். வழியெல்லாம் சாமியைத் தொட்டுக் கயிறு கட்டின கை கோயில் வாசலில் தீட்டாகிவிடும்.

இருந்தும் வண்டி எங்களுக்குச் செய்தது சின்னக் காரியம் இல்லை. நம் சரித்திரத்தில் வண்டி ஏறுவதே ஒரு போராட்டம். 1893இல் அய்யன்காளி வெங்கானூரில் வில்வண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டினார்; அதற்கே அடிதடி. 1929இல் அம்பேத்கர் சாலிஸ்காவில் இறங்கியபோது டோங்காக்காரன் எவனும் அவருக்கு வண்டி ஓட்ட வரவில்லை. அவர் பாரிஸ்டர். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழகாத ஒரு மகார் ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். சாதி மனசில் இருக்கிறது என்கிறார்கள். அது கடைசியில் வந்து விழுகிற இடம் உடம்பு. இதை மறக்காமல் மேலே படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கப்பா ஸ்டியரிங் பிடித்தபிறகு அவரை ஊர் "டிரைவர்" என்று கூப்பிட்டது. அதற்கு முன்னால் கூப்பிட்ட பெயரை எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவர், பெருமாநல்லூர் தாண்டிப் பெயர் தெரியாத கடையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். நம்பர் பிளேட்டில் சாதி எழுதியிருக்காது. முன்கண்ணாடியில் அம்பேத்கர் படம் ஒட்டியபோது மட்டும் ஒரு கம்பெனியில், "படத்தை எடுத்துட்டு வா, லோடு தர்றேன்" என்றார்கள். "படம் இருக்கட்டுங்க, லோடு வேண்டாங்க" என்று வந்துவிட்டார். 1945இல் எழுதிய புத்தகத்தில் அம்பேத்கர் காந்தியத்துக்குப் பதில் சொல்லும்போது, மனிதனை மிருக வாழ்க்கையிலிருந்து மீட்டு ஓய்வு தருவது இயந்திரம் என்று வாதிடுகிறார். ராட்டையும் கட்டைவண்டியும் யாருக்கு அழகு? சுமக்காதவனுக்கு அழகு. முக்கால் டன்னை இரும்பு சுமந்தபோது எங்கப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

இதற்கு நன்றி சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. காரணம், வண்டி கேட்கவில்லை. கேட்கப்படாத நன்றியைத்தான் சுதந்திரமாகக் கொடுக்க முடியும். கேட்டு வாங்குவது நன்றியல்ல, பாக்கி வசூல்.

சரி, எப்படிக் கொடுப்பது? ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, 19 தடவை. அதுவல்ல நன்றி. பயன்பட்டது தேய்ந்துபோன பிறகு அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் நன்றி இருக்கிறது.

இந்த நாட்டில் தேய்ந்துபோனது எங்கே போகும்? கீழே போகும். பழைய சேலை, பழைய சோறு, பழைய செருப்பு, எல்லாம் ஒரே திசையில் இறங்கும். உழுத மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கிறவரை அது பண்ணையக்காரருடையது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை. செத்த நிமிசம் அது எங்களுடையது. "மாடு செத்துப்போச்சு, வந்து தூக்கிட்டுப் போடா." எங்க தாத்தா தூக்கினார். உரித்து, பதப்படுத்தி, கவலை இறைக்கத் தோல்பறி தைத்துக் கொடுத்தார். அந்த மாடு செத்தபிறகும் கிணற்றுக்குள் இறங்கி அதே தோட்டத்துக்குத் தண்ணி எடுத்தது. அவர்களுடைய மாட்டுக்கு விடைகொடுக்கிற வேலையைச் சாதிக்கடமையாக எங்கள் தலையில் கட்டினார்கள். கொடுத்ததற்கு அசிங்கம் என்று பெயர் வைத்தார்கள். 1927இல் மகத் மாநாட்டில் இந்தப் பழக்கத்தை உதறச் சொன்னார் அம்பேத்கர். 2016இல் குஜராத் ஊனாவில் செத்த மாட்டை உரித்த நம் பையன்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சுரேந்திரநகரில் தலித்துகள் மாட்டு உடல்களைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். உங்க பழசை நீங்களே எடுத்துக்குங்க என்பதற்கு அதைவிடத் தெளிவான வாசகம் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் எங்கள் சொந்த உபயோகத்தில் தேய்ந்து பழசான முதல் பெரிய பொருள் இந்த வண்டி. ஆகவே பழசை எங்கே அனுப்புவது என்கிற கேள்வி முதல்முறையாக எங்கள் கைக்கு வந்தது.

15 வருசம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறியிருந்தது. பச்சை வரி தனி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றன, லோடும் சுருங்கியது. அப்போதுதான் குப்பை ஒப்பந்தம் எடுத்த ஒருவர் வந்தார். இரும்புக்கடை விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். எஃப்.சி.யைப் பற்றி, "அதெல்லாம் உனக்கெதுக்குப்பா, உள்ளூருக்குள்ள ஓட்டிக்குவோம்" என்றார்.

வீட்டில் இரண்டு நாள் சண்டை. அப்பா, "நம்ம வண்டியும் கடைசில குப்பைக்குத்தானா" என்றார். அம்மா விடவில்லை. "வண்டிக்கு ஏதுங்க சாதி? குப்பை ஏத்துனா அது தீட்டாயிருமா? வண்டி இல்லீனா நம்ம பொம்பளைங்க தள்ளுவண்டில தள்ளணும், கூடையில தூக்கணும். பரவால்லீங்களா?" அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. குப்பையைக் கண்டு வண்டியின் மானம் போகிறது என்று நினைத்தால் அது அவர்கள் கணக்கு, நம் கணக்கு அல்ல. குப்பை அள்ளுவது கேவலம் இல்லை. அதை ஒரு சாதிக்கே எழுதிவைத்ததுதான் கேவலம்.

ஆனால் கேள்வி அங்கே இல்லை. சேசிஸில் துரு ஏறியிருந்தது. பாரம் ஏற்றி மேட்டில் இறங்கினால் பிரேக் இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. அப்பாவுக்கு அது எப்போது பிடிக்கும், எப்போது வழுக்கும் என்று காலில் தெரியும். புது டிரைவருக்குத் தெரியாது. குப்பை வண்டியில் ஆட்கள் பின்னால் தொத்திக்கொண்டு நிற்பார்கள். யார் அவர்கள்? அரசு அவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றிக் கூப்பிடுகிறது. பெயர் மாறியும் ஆள் மாறவில்லை. சாலிஸ்காவ் பாலத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தீண்டாமை ஒரு முறிந்த காலாக வந்து சேர்ந்த இடம் அது. தேய்ந்த பிரேக்கைக் கீழே தள்ளிவிட்டால் அதே பாலத்தை நாமும் கட்டுகிறோம். இதை எடுத்துச் சொன்னபோது அம்மா சும்மா இருந்துவிட்டு, "அப்ப ஒடைச்சுப்புடுங்க" என்றாள்.

இந்த இடத்தில் நாகசேனரை நினைக்கலாம். மிலிந்தன் என்கிற கிரேக்க அரசன் தேரில் வந்தான். நாகசேன பிக்கு கேட்டார்: அச்சுதான் தேரா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகமா? இல்லை. அப்படியானால் தேர் எங்கே? எல்லாம் சேர்ந்திருக்கும்போது தேர் என்று பெயர், அவ்வளவுதான். எங்கள் வண்டிக்கு இரண்டு முறை இன்ஜின் இறக்கிக் கட்டினோம். பாடியை ஒருமுறை மாற்றினோம். டயர் எத்தனை என்று நோட்டைப் பார்க்க வேண்டும். 2006இல் வந்த வண்டி எது, 2025இல் நின்ற வண்டி எது? சேர்ந்திருந்தது, பிரிகிறது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்கிறது பௌத்தம். ஆனால் பிரித்த துண்டுகள் யார் கையில், யார் காலில் போய் விழும் என்று பார்ப்பது பிரிக்கிறவன் பொறுப்பு. அந்த இடத்தில் எல்லாமே வெறும் பெயர்தான் என்று தப்பிக்க முடியாது.

ஆர்.சி.யை ரத்து செய்யக் கொடுத்தோம். நல்ல டயர் இரண்டையும் பேட்டரியையும் விற்றோம். பிரேக் டிரம்மை யாருக்கும் கொடுக்கவில்லை, உருக்கத்தான் போனது. கேஸ் கட்டர் பிடித்திருந்த பையனும் நம் சனம்தான். கண்ணாடியும் கையுறையும் போடுகிறவரை அப்பா வெட்டவிடவில்லை. "கண்ணு போனா வருமா சாமி, போட்டுக்க" என்றார். ஒப்பந்தக்காரர் தருவதாகச் சொன்னதில் பாதிதான் கைக்கு வந்தது. மீதிப் பாதிதான் வண்டிக்கு நாங்கள் செலுத்திய நன்றி என்று நினைக்கிறேன்.

அப்பாவியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வண்டிக்குக் கிலோ கணக்கில் ஒரு விலை கிடைத்தது. சுமந்த ஆளுக்கு? எங்க பெரியம்மா 22 வருசம் ஒரே சந்தில் செக்கிங் டேபிளில் நின்றார். 1972ஆம் வருசத்துப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருசம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. அவர் நின்ற இடம் மாறவில்லை, முதலாளி மாறவில்லை, கம்பெனியின் பெயர்ப்பலகை மட்டும் நாலு தடவை மாறியது. ஆகவே அவர் எந்தக் கம்பெனியிலும் ஐந்து வருசம் வேலை பார்க்கவில்லை. கண் மங்கியதும், "இனி வராதீங்கக்கா" என்றார்கள். நாகசேனரின் தேர்க்கதையை முதலாளிகள்தான் நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

தேய்ந்தது எதுவானாலும் அதைக் கீழே தள்ளிவிடாதே. நீ பயன்படுத்தியதை நீயே முடித்துவை. சுமந்தவரின் கணக்கைப் பெயர் சொல்லித் தீர். ஒரு குட்டி யானைக்கு இதைச் செய்ய ஒரு சேரிக் குடும்பத்தால் முடிந்திருக்கிறது. கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்கிற ஊரால் ஒரு பெரியம்மாவுக்கு ஏன் முடியாது என்பதை அந்த ஊர்தான் சொல்ல வேண்டும்.