கேட்டால் போதுமா?

உபாலி என்ற செல்வர் நாளந்தாவில் புத்தரோடு வாதாடப் போன கதை மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. மனம், சொல், உடல் மூன்றில் எதன் வினை கொடியது என்பது வாதம். உடலின் வினைதான் என்பது நிகண்டரின், அதாவது எங்கள் மகாவீரரின், கட்சி. மனத்தின் வினைதான் என்பது புத்தரின் கட்சி. மகாவீரருக்காக வாதாடப் போன உபாலி தோற்று, கட்சியும் மாறிவிட்டார். திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பௌத்தர்கள் எழுதிவைத்த நூலில் நம் ஆள் தோற்காமல் வேறென்ன செய்வார் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். (குண்டலகேசி எங்கள் நீலகேசியில் என்ன பாடு படுகிறாள் என்பதைப் பௌத்தர்களைக் கேட்டால் சொல்வார்கள்.) ஆனால் இரவு நேரங்களில் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்காகப் போர்ட் வேலை செய்யத் தொடங்கியபின் அந்த வாதம் என்னை விடவில்லை.

போர்ட் என்றால், ஒரு மென்பொருளை அதை எழுதியவர்கள் மனத்தில் வைத்திராத கணினியில் ஓடவைப்பது. அதற்கு அவர்களுடைய நிரலில் கை வைத்தாக வேண்டும். திறந்த மூல உரிமம் அதைத் தடுப்பதில்லை. சரி, கை வைத்த இடத்தில் கேடு வந்தால் அது யாருடைய வினை?

2006-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். இணையத்தின் பூட்டுச்சாவி வேலையில் பெரும்பங்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுப்பினுடையது. யாராலும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கி, அவற்றிலிருந்து சாவி செய்து தரும். டெபியனில் அதைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு தொல்லை. வால்கிரைண்ட் என்ற பிழைதேடும் கருவி, மதிப்பு எதுவும் இடப்படாத நினைவகத்தை இந்த நிரல் படிக்கிறது என்று ஓயாமல் எச்சரித்தது. காரணம் இரண்டே வரிகள். அவற்றை எடுத்துவிடலாமா என்று மூலத்திட்டத்தின், அதாவது ஓப்பன்எஸ்எஸ்எல்லின், உருவாக்குநர்களிடம் அவர் கேட்டார். எடுத்தால் எண் உருவாக்கத்தில் என்ன விளையும் என்று தமக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் எழுதினார். பிழைதேட உதவுமானால் எடுப்பதையே தாம் ஆதரிப்பதாக அத்திட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து பதில் வந்தது. வரிகள் போயின.

அவற்றில் ஒன்று போனதால் பெரிய நட்டமில்லை. மற்றொன்றுதான் வெளியிலிருந்து திரட்டிய ஊகிக்கமுடியாமை முழுவதையும் உள்ளே கலக்கும் வரி. அது இல்லாமல் போகவே, மிஞ்சியது நிரல் ஓடும்போது கணினி அதற்குத் தரும் வரிசை எண் மட்டும். அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. கோடானுகோடி சாவிகளுக்குப் பதில், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரம் சாவிகள். ஒரு மடிக்கணினியில் உட்கார்ந்தே அத்தனையையும் செய்து அடுக்கிவிடலாம். லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் அந்தச் சாவிகள் பிறந்துகொண்டே இருந்தன.

வரிகளை எடுத்தவர் மனத்தில் கள்ளம் இல்லை. புத்தரிடம் போனால் ஏறக்குறைய விடுதலை. பின்னால் எழுந்த வாக்குவாதமும் இதைச் சுற்றியே ஓடியது: அவர் கேட்டாரே என்றது ஒரு பக்கம், கேட்ட இடம் சரியில்லை என்றது மறுபக்கம். எனக்கு இரண்டும் சப்பென்று இருந்தன. கேட்டவர், உலகத்துக்கே அனுப்பப்போகும் தொகுப்பைப் பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. பதில் சொன்னவர், எதற்காக என்று திருப்பிக் கேட்கவில்லை. ஒரே சொற்கள்தான், ஆனால் இருவர் கண்முன்னும் இருந்தது வேறு வேறு காரியம்.

உபாலி கதையில் எங்கள் கட்சி சரியாகச் சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர் போனதை மட்டும் வைத்துக் கொலை என்று சொல்வதில்லை. அயர்ந்த நிலையில் செய்த செயலால் உயிருக்கு ஊறு வருவதே கொலை என்கிறது. அதாவது, எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே விழிப்பு என்ற ஒன்றை வைக்கிறது. திருக்குறளில் பொச்சாவாமைக்கு, அதாவது மறந்து அயராமைக்கு, ஓர் அதிகாரமே உண்டு; எங்கள் ஊரில் குறளை நம் நூலென்றுதான் சொல்வார்கள், அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.

விழிப்பு என்பது பதற்றத்தோடு இருப்பதல்ல, அது ஒரு நடைமுறை. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது எங்களில் எல்லாரும் அறிந்தது. வடிகட்டியபின் துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே ஊற்றி அலசி, அதில் தங்கியதை எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே சேர்க்க வேண்டும். வேறு கிணற்றில் விட்டால் அந்தச் சிற்றுயிர்கள் பிழைக்காது என்பது நம்பிக்கை. என் பாட்டி வடிகட்டுவதைவிட இதில்தான் கறாராக இருப்பார். 2006-இல் விடுபட்டது இந்த இரண்டாவது பாதி. அனுமதி கேட்கப்பட்டது, ஆனால் அந்த மாற்றம் மூலத்திட்டத்தின் நிரலுக்குள் போய்ச் சேரவே இல்லை. போகவேண்டும் என்று வைத்திருந்தால், அந்த வரி எதற்கு என்று அறிந்த யாராவது ஒருவர் அதை ஏற்கவோ தள்ளவோ உட்கார்ந்து படித்திருப்பார். கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்லிவிடலாம். தன் வீட்டுக்குள் வரும் வரியை அப்படி விட்டுவிடுவது கடினம்.

புத்தர் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில், நெடுநாள் நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளரான ஒருவரே கள்ளவழி வைத்தார். கள்ளம் ஊற்றிலேயே கலந்துவிட்டது. அங்கே மனம்தான் வினை, மறுக்கவில்லை. ஆனால் அது போய்ச்சேரப் பார்த்த இடமோ, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச். அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டெபியன் போன்ற விநியோகங்கள் கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காகத் தாங்களாகச் சேர்த்த திருத்தம் (பேட்ச்)தான் இரண்டையும் இணைத்தது. உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் துருவியதால் தப்பினோம். அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.8 பதிப்பில், அந்த வசதியை வெளித்தொகுப்பு எதுவும் தேவைப்படாத சிறு நிரலாக ஓப்பன்எஸ்எஸ்எச் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டது.

மூலத்திட்டம் எப்போதும் ஏற்றுக்கொள்ளும் என்றும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் வைத்திருக்கும் கணினிக்கான திருத்தத்தை வாங்கிக்கொண்டால், நான் சலித்துப் போனபின் அதைச் சுமக்கப்போவது அவர்கள்தான். மறுப்பதில் நியாயம் இருக்கிறது. டெபியனில் ஒவ்வொரு பேட்ச்சின் தலைப்பிலும், இது மூலத்திட்டத்துக்கு அனுப்பப்பட்டதா என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அனுப்பிய முகவரியைப் போடலாம், தேவையில்லை என்று போடலாம், இல்லை என்றும் போடலாம். பழைய தொகுப்புகளைப் போர்ட் செய்யும்போது வெறும் 'இல்லை'களைப் பார்த்தால், ஏன் என்று அவற்றை எழுதியவர்களுக்குக் கடிதம் போடுவேன். ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்து அனுப்பவில்லை என்பவர்கள் குறைவு. அனுப்பவேண்டும் என்றுதான் இருந்தேன், மறந்துபோனது என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது.