முதல் பந்தி யாருக்கு?

(டெல்லி கிட்வாய் நகரில், பிள்ளைகளுக்கான ஞாயிறு திருமுறை வகுப்பின் ஆண்டு நிறைவில் ஆற்றிய சொற்பொழிவு)

பிள்ளைகளே,

சற்றுமுன் உங்களுக்கெல்லாம் பரிசு கொடுத்தோம், கை தட்டினோம். அப்போது என் கண் வாசல் பக்கம் போயிற்று. பொங்கல் வாளியைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் எட்டிப் பார்த்தார். தம் மகன் பரிசு வாங்கும்வரை நின்றார். அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்குள் உள்ளே போய்விட்டார், இலை போட. நான் வேறு ஏதோ பேசுவதாக இருந்தேன். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தாயைப் பார்த்ததும் சுந்தரரைப் பெற்றவர்களும் வளர்த்தவரும் நினைவுக்கு வந்தார்கள். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அந்த வழியே வந்த மன்னர் நரசிங்கமுனையரையர் குழந்தையைப் பார்த்தார். விட்டுப்போக மனம் வரவில்லை. சடையனாரிடம் நட்பின் உரிமையோடு கேட்டு அழைத்துப் போய், தம் பிள்ளையாகவே வளர்த்தார்.

பின்னாளில் திருவாரூரில் சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். 11 பாட்டு. அடியார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்குகிறார். அந்த வரிசையில் தம்மை வளர்த்த மன்னரையும் வைத்தார். கடைசிப் பாட்டில் பெற்றவர்கள் இருவர் பெயரையும் சொல்லி, அவர்கள் மகன் நான் என்று முடித்தார். ஆக, 63 நாயன்மார்களில் மூன்று பேர் ஒரே பிள்ளையைப் பெற்றவர்களும் வளர்த்தவரும்! இத்தனை வருஷம் பெரியபுராணம் படித்தும் இந்தக் கணக்கு என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

சடையனாரும் இசைஞானியாரும் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? அவர்களுக்குச் சேக்கிழார் ஆளுக்கு ஒரு பாட்டுதான் கொடுத்திருக்கிறார். கண்ணப்பரைப் போலக் கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த கதை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றார்கள். அதற்காகவே சிவன் கோயில் பிராகாரத்தில் கண்ணப்பருக்குச் சமமாக நிற்கிறார்கள். நாமும் கும்பிட்டுக்கொண்டு போகிறோம்.

நரசிங்கமுனையரையர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் அமைச்சகத்தில் கோப்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு காலை தம் பிள்ளையோடு நாலு வீட்டுப் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போகிறவர் யார்? இந்தியே பழகிய நாக்கில் ழகரம் வரும்வரை பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறவர் யார்? டெல்லி மார்கழிப் பனியில், எதிர் பிளாக்கே தெரியாத விடியலில் உங்களை எழுப்பிக் கம்பளிக் குல்லாய் மாட்டித் திருவெம்பாவைக்குக் கூட்டி வந்தவர் யார்? பாட்டுத் தாளை நகல் எடுத்ததும் ஜமக்காளத்தை உதறி மடித்ததும் யாருடைய கை?

மலை மந்திரும் இப்படி எழுந்ததுதான். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தமிழர்கள் கூடி எழுப்பி, 1973-ல் குடமுழுக்கு செய்த கோயில் அது.

இப்படி உழைக்கிறவர்களுக்கு நன்றி சொல்வதை இந்தக் காலனியில் தள்ளிப்போட முடியாது. பழைய இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் இருந்த கிழக்கு கிட்வாய் நகரில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. கட்டடம் மாறினாலும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாறவில்லை. வரும் வருஷம் இவர்களில் யார் சென்னையில் இருப்பார், யார் குவஹாத்தியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தி நாலு வார்த்தை சொல்லி அனுப்புகிறோம். இங்கே இருந்த அத்தனை ஞாயிறும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நன்றி எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. திங்களூரில் அப்பூதி அடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். தாம் அதுவரை பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரைப் பந்தலில் எழுதினார். பெற்ற பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார். தம் பெயரை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. ஒருநாள் அந்த வழியே வந்த நாவுக்கரசர் பந்தலைப் பார்த்தார். "இதை வைத்தவர் யார், வீடு எங்கே?" என்று விசாரித்தார். தாமே நடந்து அவர் வீட்டு வாசலுக்குப் போனார். அதோடு நிற்காமல், திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியின் பெயரையும் வைத்துப் பாடினார். இன்றும் அந்தப் பதிகத்தை ஓதுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஓத வேண்டும்.

பிள்ளைகளே, நம் வகுப்புத் தண்ணீர்ப்பந்தல் யார் வைத்தது என்று உங்களுக்குத் தெரியும். வீடும் தெரியும், லிஃப்டில் ஏறினால் போதும். போய், பெயர் சொல்லி, என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லி நன்றி சொல்லுங்கள். "மாமி, நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்கு ழ வந்தது" என்று ஒருவன் சொன்னால் அந்த மாமிக்கு அது போதும்.

இப்போது பந்தி போடுகிறார்கள். இன்றைக்கு முதல் பந்தியில் அவர்கள் உட்காரட்டும். எழுந்து போய் அவர்கள் கையிலிருக்கும் வாளியை வாங்கிக்கொள்ளுங்கள்.