மாக்கோழியும் பொய் ஈயும்

யசோதரன் வெட்டியது உயிருள்ள சேவலை அல்ல. மாவைப் பிசைந்து செய்த சேவலை. உஞ்சயினி அரசனான அவன் கொலைக்கு அஞ்சுகிறவன். கெட்ட கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு ஒரு கோழி பலி கொடுக்கும்படி தாய் சந்திரமதி சொன்னபோது முடியாது என்றுவிட்டான். உயிர்க்கோழி வேண்டாம், மாக்கோழியாவது கொடு என்று அவள் இறங்கி வந்தாள். அதற்கு இசைந்தான். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. ஆனால் அந்த ஒரு வெட்டுக்காகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாக, முள்ளம்பன்றியும் பாம்புமாக, மீனும் முதலையுமாக, பிறகு ஆடாக, கோழியாகப் பிறந்து பிறந்து வதைபட்டார்கள் என்கிறது யசோதர காவியம். தமிழின் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று அது.

இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள் தமிழ்ச் சமணர்கள். அவர்களுடைய தலைமை மடம் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்ற பெயரிலேயே அதன் காஞ்சித் தொடர்பு தெரியும். மடாதிபதிகள் இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டத்தோடு வழிவழியாக வருகிறார்கள். ஊரில் பார்சுவநாதருக்குப் பெரிய கோயில் உண்டு. பழைய மலைநாதர் கோயிலில் ஒரு பாறையின் முகத்திலேயே தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் அம்பிகை இயக்கியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள்; 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. தம் உடலை உதறத் துணிந்தவர்கள், பிற உயிரைத் தொட அஞ்சிய மண் இது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நல்ல தூண்டில் முள் என்று ஒன்று இருக்க முடியுமா? 'நல்ல' என்ற சொல் அங்கே கூர்மையை மட்டும்தான் குறிக்குமா?

கேள்வி பிறப்பது ஒரு நுணுக்கமான கைவேலையிலிருந்து. புழுவுக்குப் பதிலாகப் பொய் ஈயைக் காட்டி மீன் பிடிக்கும் கலை உலகெங்கும் இருக்கிறது. சின்ன முள் ஒன்றை மேசை வைஸில் கவ்வக் கொடுத்து, அதன் தண்டில் பட்டு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை அதன்மேல் வளைத்துக் கட்டுவார்கள். இறகின் இழைகள் பூச்சியின் கால்களைப் போலச் சிலிர்த்து நின்று முள்ளை நீரின்மேல் மிதக்கவைக்கும். மீன் பூச்சியென்று நம்பி எழும்பும். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் தாடிக்குக் கீழிருந்து எடுத்த இரண்டு இறகுகளைச் செருகியதைப் பதிந்துவைத்திருக்கிறார். அங்கும் சேவல்தான். மாக்கோழிக் கதையைப் படித்தவர் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்காமல் போக முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கலை நீலகிரி வழியாக வந்தது. 1860களில் பிரான்சிஸ் டே ட்ரவுட் மீனை அங்கே கொண்டுவர முயன்றார். 1907 வாக்கில் எச். சி. வில்சன் காலத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் நிலைபெற்றது. குளிர்ந்த ஓடையும் ட்ரவுட்டும் இருக்குமிடத்தில் பொய் ஈயும் இருக்கும்.

பொய் ஈ கட்டுகிறவர்கள் தங்கள் கலைக்காக வாதாடுவது உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. புழுவைக் குத்தித் தூண்டில் போடுகிறவன் இரண்டு உயிர்களை வதைக்கிறான். நாங்கள் புழுவைத் தொடுவதில்லை. பிடித்த மீனையும் பெரும்பாலும் நீரிலேயே விட்டுவிடுகிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள்.

சமணம் உயிர்களைப் புலன்களால் எண்ணும். புழுவுக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, ஈக்கும் வண்டுக்கும் நான்கு, மீனுக்கு ஐந்து. தொல்காப்பிய மரபியலைப் படித்த தமிழருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. அந்தக் கணக்குப்படி ஈரறிவுப் புழு தப்புவது உண்மையிலேயே ஒரு லாபம்தான். ஆனால் அந்த இடத்தில் இருத்தப்படுவது ஒரு மாக்கோழி. பொய்யான ஈ, மெய்யான முள், அதைவிட மெய்யான எண்ணம். பத்தாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதை ஈவிரக்கமில்லாமல் தெளிவாக்கினார்: உள்ளத்தில் வேட்கையும் சினமும் எழுந்த நொடியிலேயே இம்சை நடந்துவிட்டது, எதிரே உயிர் செத்ததா பிழைத்ததா என்பது அடுத்த கேள்வி. யசோதரன் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பிடித்து விடுவதைப் பற்றியும் சமணத்தில் ஒரு கதை உண்டு. 959இல் சோமதேவ சூரி முடித்த யசஸ்திலகத்தில் வரும் மிருகசேனன் ஒரு மீனவன். வலையில் விழும் முதல் மீனை விட்டுவிடுவதாக ஒரு முனிவரிடம் விரதம் ஏற்கிறான். முதல் மீன் அகப்பட்டதும் அடையாளத்துக்கு ஒரு துணிக் கிழிசலைக் கட்டி ஆற்றில் விடுகிறான். திரும்பத் திரும்ப வலையில் விழுவது அதே மீன்; ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே சேர்க்கவில்லை. இரவைத் திண்ணையோரம் கழித்தவன் பாம்பு தீண்டி இறந்துபோகிறான். மறுபிறவியில் ஐந்து முறை சாவிலிருந்து அவன் தப்பியது, அந்த மீனுக்குக் கொடுத்த உயிர்களால் என்கிறது கதை.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் பிடித்து விடுதல்தான். ஆனால் மிருகசேனனுக்கு மீன் சோறு. ஒவ்வொரு முறை விடும்போதும் அவன் ஒரு வேளை உணவை இழந்தான். பொழுதுபோக்குத் தூண்டில்காரர் விடும்போது எதையும் இழப்பதில்லை; நாளை மறுபடி பிடிப்பதற்கு ஒரு மீனைச் சேமிக்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஏறத்தாழ இதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருக்கின்றன: விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை அந்நாடு தடுக்கிறது, முனைக்குக் கீழே பின்னோக்கி நீளும் எதிர்முள் உள்ள தூண்டிலுக்கும் சில விலக்குகள் தவிர அங்கே இடமில்லை. உண்பதற்கு என்றால் காரணம் உண்டு, விளையாட்டுக்கு என்றால் இல்லை என்பது அவர்கள் வாதம்.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 2003இல் லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் வானவில் ட்ரவுட்டின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் பக்கவாட்டில் ஆடின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைத் தொட்டியின் சரளையில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. வலியுணர் நரம்பு முனைகள் அவற்றின் முகத்தில் இருப்பதும் உறுதியானது. மீனின் மூளையில் வலியை உணரும் அடுக்கு இல்லை என்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். வாதம் நடக்கட்டும். சரளையில் உதட்டைத் தேய்க்கும் மீனைக் கண்ட பிறகும், தீர்ப்பு வரும்வரை குத்திக்கொண்டிருக்கலாம் என்பது அறமாகாது.

அப்படியானால் மேல்சித்தாமூர் சொல்லக்கூடியது 'தூண்டிலைத் தொடாதே' என்பது மட்டும்தானா? துறவிக்கு அவ்வளவுதான். இல்லறத்தாருக்குச் சமணம் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் நுட்பமானது, அதனாலேயே இன்னும் பயனுள்ளது. வட இந்தியச் சமணர் பலர் வணிகர். தமிழ்ச் சமணரோ பெரும்பாலும் உழவர். ஏர் ஓட்டினால் மண்புழு சாகும். இதை அறிந்தேதான் ஆசான்கள் இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது. கடைசியை இல்லறத்தான் அறவே விடவேண்டும். மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். விளையாட்டுத் தூண்டில் ஐயமின்றிக் கடைசி வகை. அந்த அளவில் தீர்ப்பு கடுமையானது, அது சரியானதும்கூட.

ஆனால் தீர்ப்பைக் கேட்ட பிறகும் உலகில் தூண்டில் இருக்கும். அங்கேதான் உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கைகொடுக்கிறது. இம்சைக்கு ஏழாம் அத்தியாயத்தில் அவர் தரும் இலக்கணத்தின் முதற்சொல்லே பிரமாதத்தைப் பற்றியது, அதாவது அயர்ச்சி, கவனமின்மை. வேட்கையால் வதைப்பது ஒரு பாவம் என்றால், எப்படிப் போனால் என்ன என்று அயர்ந்திருப்பது அதோடு சேரும் இன்னொரு பாவம். முள்ளின் தரம் என்ற கடைத்தெரு விஷயம் இந்தச் சொல்லின் வழியாகச் சமய விசாரணைக்குள் நுழைந்துவிடுகிறது.

தூண்டில் முள்ளின் தரம் அதன் எஃகைப் பதப்படுத்தியதில் இருக்கிறது. பதம் கூடினால் உடையும். உடைந்த முனை மீனின் வாயிலேயே தங்கும். பதம் குறைந்தால் இழுப்பில் நிமிர்ந்துவிடும். மீன் கிழிந்த வாயோடு போகும். வைஸில் பொருத்திய முள்ளின் காதை விரலால் தட்டினால் நல்ல முள் துள்ளித் தன் நிலைக்குத் திரும்பும். மட்டமானது வளைந்தே நிற்கும். முனையை நகத்தின்மேல் மெல்ல இழுத்தால் கூர்முனை கவ்வும், மழுங்கல் வழுக்கும். மழுங்கிய முனை இரக்கமுள்ளது என்று நினைப்பது தவறு: அது ஒரே இடத்தில் நிற்காமல் சதையைப் பிய்க்கும். எண்களில் ஏமாறக் கூடாது. 10ஆம் எண்ணைவிட 16 சிறியது. மிதக்கும் ஈக்கு மெல்லிய கம்பி, அமிழும் ஈக்குத் தடித்த கம்பி. விலை என்று பார்த்தால், பேர்பெற்ற முள்ளைச் சின்னப் பொட்டலமாக வாங்காமல் நூறாக வாங்கினால் ஒரு முள்ளின் விலை கணிசமாக இறங்கும். 1877 முதல் முள் செய்துவரும் நார்வேயின் முஸ்டாட் போன்ற பழைய நிறுவனங்களிடமும் எளிய வரிசைகள் உண்டு. பெயரில்லாத மலிவுப் பொட்டலத்தில் பத்துக்கு மூன்று உடைந்தால் அது மலிவே அல்ல, அந்த மூன்றின் விலையையும் மீன்தான் கொடுக்கிறது.

விற்பவருக்கும் இதில் பங்கு உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனற்ற தீங்குகளை ஐந்தாக வகுக்கும். கொலைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பது அவற்றில் ஒன்று. தமிழ்ச் சமணர் போற்றும் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் வந்தது. வாங்குபவன் இல்லையென்றால் விற்பவனும் இல்லை என்ற வள்ளுவரின் புலால் வாதமும் இதே சங்கிலியின் மறுமுனையைத்தான் பிடித்து இழுக்கிறது. தீங்கு குறைந்த முள்ளை வாங்குபவர் கேட்டுக் கேட்டு வாங்கினால், கடைக்காரர் அதையே வரவழைப்பார்.

தீங்கு குறைந்தது எது என்பதில் குழப்பம் வேண்டாம். முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்தான் முள்ளைக் கழற்றும்போது சதையைக் கிழிக்கிறது. எதிர்முள் இல்லாத முள் குறைந்த விசையிலேயே நுழைகிறது, மீனை நீரிலிருந்து தூக்காமலே கழன்றுவிடுகிறது. இப்படிப்பட்ட முள் இன்றைக்குக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் தட்டைக் குறடு ஒன்று போதும்.

தூண்டிலை விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள். யசோதரன் கதை கேட்பது அதைத்தான். விட முடியாதவர்கள் இறகைக் கட்டுவதற்கு முன்பே எதிர்முள்ளைக் குறடால் மெல்ல நசுக்கிவிடுங்கள். பதம் கெட்ட முள் என்றால் அப்போதே, உங்கள் மேசைமேலேயே, உடைந்துவிடும்.