நிலத்தடிச் செல்வம் யாருக்கு உரியது?

எரிவாயுவின் விலை ஏறினால், அது கிடைக்கும் வயலுக்கு உடையவன் செல்வனாவான் என்று உலகம் எண்ணும். அமெரிக்க நாட்டில் கனிம உரிமையுடைய நிலக்காரர் அதனைக் குத்தகைக்கு விட்டு, விற்பனையில் ஒரு பங்கு பெறுகின்றனர். நம் நாட்டிலோ எரிவாயு எடுக்க உரிமம் வழங்குவதும் உரிமைத்தொகை பெறுவதும் அரசே. உழவனுக்குக் கிடைப்பது மேல்மண்ணின் வாடகை மட்டுமே.

அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் நீதி நிறைவுறுமோ? ஆராய்வோம்.

2017ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தனர். பங்கு கேட்டு அன்று. நீரும் விளைநிலமும் கெடும் என்று அஞ்சியே எதிர்த்தனர். கையொப்பமிடுபவன் ஒருவன், நிலத்தடி நீரோ ஊர் முழுமைக்கும் பொது. கடன்பட்ட உழவன் வாடகையை நாடுதல் குற்றமன்று. ஆயினும் அயலானின் கிணற்றை விற்க அவனுக்கு உரிமை ஏது?

நம் கன்னட நாட்டுக் கோலார் தங்கவயலை நோக்குங்கள். 1880 முதல் 2001 வரை நூற்றிருபது ஆண்டுகள் பொன் எடுத்தனர். பொன் போயிற்று, சயனைடு கலந்த மண்மேடுகள் நின்றன. காற்றடிக்குங்கால் அத்தூசு படிவது, பொன்னில் பங்கு பெறாத தொழிலாளர் இல்லங்களிலன்றோ?

2020இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்குப் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் எட்டாத இடங்களில் அறமே காவல். ஆகவே, விலை எவ்வளவு என்று கேட்குமுன், இழப்பு யாருக்கு என்று கேட்போமாக.