இடைநிற்றல் இன்றி

புதுமைப் பெண் திட்டத்தின் விதியில் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன: ‘இடைநிற்றல் இன்றி’. 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்பையோ பட்டயப்படிப்பையோ இடைநிற்றல் இன்றி முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறுவாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். அதற்கு முன் இதே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு தந்தது, தாலிக்குத் தங்கமும் திருமணத்துக்குப் பணமும். தாலியிலிருந்து படிப்புக்கு மாறியதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் எங்கள் பெண்களுக்கு அது வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் வரும் பணம்.

நின்றவள் என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்த ஒருத்தி சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றாள். அம்மா படுத்துவிட்டார். மீன்கூடையைத் தூக்கவும் தம்பிகளுக்குச் சோறு வடிக்கவும் ஆள் வேண்டும். அண்ணன் இருந்தான், அவனை யாரும் நிற்கச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு வந்து, “அக்கா, மிச்சத்தைப் பொன்னேரியில சேர்ந்து முடிக்கலாமா?” என்று கேட்டாள்.

படித்ததைக் கொண்டுபோக வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி விதிகளின்படி, முடித்த பாடங்களின் கணக்கு ஏழு ஆண்டுவரை செல்லும். இரு நிறுவனங்களும் அதில் சேர்ந்திருந்தால் கல்லூரி மாறலாம். மாறுகிறவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்றும் சொல்ல முடியாது. ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை, டிப்ளமோ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் பெண்ணுக்கும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. படியிலிருந்து படிக்குத் தாவினால் அது முன்னேற்றம். இறங்கி, நின்று, மறுபடி ஏறினால் அது இடைநிற்றல். சரி, தொலைநிலைக் கல்வியில் சேரட்டும் என்றால், அதற்குப் புதுமைப் பெண் திட்டத்தில் இடமில்லை.

ஏரியில் எங்கள் ஆண்களுக்குப் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று கரையில் இருப்பவனின் உரிமை போய்விடாது. அவன் முறை திரும்ப வரும். அந்த வரிசையில் பெண்ணின் பெயர் ஏறியதில்லை. சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களை எந்தச் சீட்டுக்கும் அழைத்ததில்லை. ஆகவே பாடு முறையை நியாயத்துக்கு இலக்கணமாக நான் காட்டவில்லை. ஆனால் உரிமை ஆளோடு இருக்கிறது, அன்றைய வலையோடு இல்லை என்பது இந்த ஏரிக்கரையில் படிக்காதவருக்கும் தெரியும். ஆணுக்கு என்றால் தெரியும்.

அவள் நின்றதால்தானே அந்த வீட்டில் மற்றவர்கள் நிற்காமல் ஓடினார்கள்? தம்பிகளின் ‘இடைநிற்றல் இன்றி’யை அவள்தான் கட்டிக் கொடுத்தாள். விதி அந்த மூன்று வருடத்தை அவளுடைய குறையாக மட்டும் எண்ணுகிறது. இத்தனைக்கும் இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதைப் பாதியில் உதறி வெளியே வந்து, அதை ஒழிக்கப் போராடியவர்.

நிபந்தனையைத் தளர்த்தினால் பெண்கள் சுலபமாக நின்றுவிடுவார்கள் என்று சொல்லும் ஆசிரியர்களை அறிவேன். அந்தக் கவலை பொய்யல்ல. மாதம் வரும் பணத்துக்காகவே மகளைப் படிக்கவிடும் வீடுகள் உண்டு. அதற்கு வழி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36 மாதம் என்று அவள் பெயரில் எழுதிவைப்பது. வகுப்புக்குப் போகும் மாதத்தில் பணம் வரட்டும். போகாத மாதத்தில் வர வேண்டாம். மிச்ச மாதங்கள், அவள் எந்தக் கல்லூரியில் திரும்பச் சேர்ந்தாலும், அங்கே அவளோடு போகட்டும்.