கூடிப் போய்ச் சேவிப்பது

நண்பர்கள் சேர்ந்து ஒரு நாள் ஊர் சுற்றக் கிளம்பினால், பார்க்கும் இடங்களில் கோயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய நிலைத்துப்போன வரிசையே உண்டு. காலையில் ஆண்டாள் கோயில்; நடை சாத்துவதற்குள் வடபத்ரசாயி பெருமாள் கோயில்; வெளியே வந்ததும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா; பிறகு செண்பகத்தோப்புக் காட்டழகர், அல்லது சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இராஜபாளையம் போய், தண்ணீர் விழும் காலமாக இருந்தால் மேற்கே அய்யனார் கோயில் அருவி. ஸ்ரீவில்லிபுத்தூரின் 192 அடி உயரப் பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும், தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது இதுவா, மதுரையின் மேற்குக் கோபுரமா என்ற வாதம் வண்டிக்குள் ஒரு முறையாவது எழும். இப்படிப் போகிறவர்கள் செய்வது வழிபாடா, வேடிக்கையா என்று கேட்பது வழக்கம். அதற்கு அடியில் இன்னும் கடினமான கேள்வி ஒன்று கிடக்கிறது: தெய்வத்தைக் காணப் போகிறவருக்குக் கூட வரும் சிநேகிதர் துணையா, இடைஞ்சலா?

இடைஞ்சல் என்ற கட்சிக்குப் பலம் அதிகம். கீதையின் 13ஆம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களை அடுக்கும்போது, தனியிடத்தை நாடுவதையும் ஜனக்கூட்டத்தில் பற்றில்லாமையையும் சேர்க்கிறது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், 1336இல் வெந்தூ மலை ஏறியதைப் பற்றி எழுதிய கடிதத்தில், யாரைக் கூட அழைப்பது என்று நண்பர்களை ஒவ்வொருவராக எடைபோட்டதைச் சொல்கிறார். ஒருவர் மந்தம், ஒருவர் அவசரம் என்று எல்லாரையும் தள்ளிவிட்டுக் கடைசியில் தம்பியை அழைத்துக்கொண்டார். உச்சியில் நின்று ரசித்தவர், கையோடு கொண்டுபோன அகஸ்டீனின் நூலைத் திறக்க, மலையையும் கடலையும் வியக்கும் மனிதர் தம்மை மறந்துவிடுகிறார்கள் என்ற இடம் கண்ணில் பட்டது. அடிவாரம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1813இல் பிறந்து 1855இல் அங்கேயே இறந்த தத்துவஞானி கீர்க்ககார்த் இன்னும் கடுமையானவர். கூட்டம் என்பதே பொய், கடவுளின் முன் மனிதன் ஒற்றை ஆளாகத்தான் நிற்க முடியும் என்றார். அவரே நாள்தோறும் அந்நகரத் தெருக்களில் நடந்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தவர் என்பது அவருடைய கட்சிக்குக் கொஞ்சம் சங்கடமான சாட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த நூல் ஒன்று இதற்கு நேர் எதிரே நிற்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள். ஆறு முதல் பதினைந்து வரை, மூன்றில் ஒரு பங்கு, தூங்கும் தோழிகளை எழுப்புவதிலேயே போகிறது. கண்ணனைக் காண்பதுதான் குறி என்றால் இது பெரிய தாமதம். தன் ஊரை ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபர் மாளிகையாகவும் பாவித்து ஆண்டாள் பாடினாள் என்பது வைணவ மரபு. அந்தப் பாவனைத் தெருவில் எழுப்பப்படும் பெண்கள் ஒரே வார்ப்பில் இல்லை. ஒருத்தி மாடத்தில் விளக்கெரிய, தூபம் கமழப் படுத்திருக்கிறாள். வெளியே நிற்பவர்கள் முறை சொல்லி மாமன் மகளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாமியிடம் முறையிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் எருமைகள் கன்றை நினைத்துத் தாமாகச் சொரிந்த பாலில் தரை சேறாகிக் கிடக்க, வாசலைப் பிடித்து நிற்பவர்கள் தலையில் பனி விழுகிறது. நானே முதலில் வந்து எல்லாரையும் எழுப்புவேன் என்று வாய்ச்சவடால் அடித்துவிட்டு இன்னும் படுக்கையில் கிடக்கிறாள் ஒருத்தி. (ஊர் சுற்றக் கிளம்பும் எந்த ஜமாவிலும் அப்படி ஓர் ஆள் உண்டு.) பதினைந்தாவதில் உள்ளே இருப்பவள் பதிலுக்குப் பதில் பேச, வாசலிலேயே வாக்குவாதம். ஆனாலும் இவளை விட்டுவிட்டுப் போவோம் என்று யாரும் சொல்வதில்லை.

பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படி, அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படி என வளர்ந்த உரை மரபு இந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடியிருக்கிறது. சுவையுள்ளதைத் தனியாக உண்பது முறையல்ல என்பது ஒன்று. பகவானை நேரே போய்ப் பற்ற முடியாது, அடியாரை முன்னிட்டே அணுக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது ஒழுக்கத்தைச் சேர்ந்தது. இரண்டாவது தத்துவம், அதுவே கனமானது. பதினாறாம் பாசுரத்தில் காவலர்கள். பிறகு நந்தகோபர், யசோதை, பலதேவன், நப்பின்னை. இவர்களை ஒவ்வொருவராகக் கடந்த பிறகே கண்ணன். இந்த வரிசையில் தோழிதான் முதல் வாயில்.

கீதை விலக்கிய கூட்டமும் இந்தத் தோழியர் கூட்டமும் ஒன்றா என்றால், சங்கரரே அந்தச் சுலோகத்துக்கு உரை எழுதும்போது ஒரு விலக்கு வைக்கிறார்: ஒதுக்க வேண்டியது பண்படாதவர் கூட்டம்தான், பண்பட்டவர் கூட்டம் ஞானத்துக்கு உதவும் என்கிறார். ஆண்டாள் அந்த வரம்பையும் தாண்டுகிறாள். தூங்குமூஞ்சிக்கும் சண்டைக்காரிக்கும் தகுதி பார்க்காமல் அவர்கள் வாசலில் போய் நிற்கிறாள். திருப்பாவையின் துணிச்சல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆண்டாள் கோயில் நடைமுறையிலும் இதே போக்கைப் பார்க்கலாம். மற்ற பெருமாள் கோயில்கள் பெரும்பாலானவற்றில் கருடன் எதிரே கைகூப்பி நிற்பார். இங்கே அவர், பெருமாளான ரங்கமன்னாரோடும் ஆண்டாளோடும் ஒரே பீடத்தில் பக்கத்திலேயே நிற்கிறார். திருமணத்துக்கு மணமகனை விரைந்து கொண்டுவந்த தோழனுக்குக் கிடைத்த இடம் என்று தலபுராணம் சொல்லும். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள்: மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண். சாத்திக் களைந்த கிளி பக்தர் ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். பிரபந்தம் சேவிப்பதும் தனிக்குரலாக அல்ல, கோஷ்டியாக. இங்கே தனியாக நடந்த ஒரே காரியம், மாலையைச் சூடிக் கிணற்று நீரில் தன் அழகை ஆண்டாள் பார்த்துக்கொண்டது. கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் இருக்கிறது. ஆனால் அவள் சூடிக் களைந்த மாலை இப்போது புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு மதுரைக்கும் போகிறது.

அப்படியானால் வேன் பிடித்து வரும் எந்த நண்பர் குழுவும் அடியார் குழாம் ஆகிவிடுமா? ஆகாது. திருப்பாவைப் பெண்கள் நோன்பு நோற்கிறார்கள்: நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை. பால்கோவாவையும் அருவியையும் முன்னிட்டுக் கிளம்பிய பயணத்தில் அந்த ஆயத்தம் இருக்காது. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லலாம். கூட்டமாக வந்ததையோ, வரிசையில் சிரித்துப் பேசியதையோ குறை சொல்ல இந்த ஊரின் மரபில் இடமில்லை. இன்னொரு குறை அதைவிடப் பெரியது. வடபத்ரசாயி மேல்தளத்தில் பள்ளிகொண்டிருப்பவர், படியேற வேண்டும். முழங்கால் வலிக்காரரைக் கீழே உட்காரவைத்து, செருப்பையும் பைகளையும் அவர் மடியில் போட்டுவிட்டு, மற்றவர்கள் மேலே ஓடிச் சேவித்து வருவது அன்றாடக் காட்சி. தோழி வாசலில் பனியில் நின்றவர்களின் கணக்கில் இது பெரிய பிழை.

ஆண்டாளை வைத்தே ஆண்டாளுக்கு எதிராக வாதிடவும் முடியும். 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் பிரிவின் வேதனை ஒருத்தியின் வேதனை. அவள் கதையின் முடிவும் அப்படித்தான்: திருவரங்கத்தில் அரங்கனிடம் அவள் சேர்ந்தபோது கூட எந்தத் தோழியும் போகவில்லை. கீர்க்ககார்த்தின் ஒற்றை மனிதனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆயினும் அந்த நூலையே வரிசையாகப் படித்தால் வாதம் தளர்கிறது. அவள் தனியே கண்ட திருமணக் கனவு, ஆறாம் திருமொழியில், பாட்டுக்குப் பாட்டு தோழியை விளித்துத்தான் சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் திருமொழியில் வடமதுரை, யமுனைக் கரை, கோவர்த்தனம், துவாரகை என்று தான் காண வேண்டிய இடங்களை அடுக்கி, அங்கே கொண்டுபோய் விடுமாறு சுற்றியிருப்பவர்களைக் கேட்கிறாள். கடைசியான பதினான்காம் திருமொழி, பலன் சொல்லும் இறுதிப் பாசுரம் நீங்கலாக, கேள்வியும் விடையுமாக அமைந்தது. அந்தப் பாசுரங்கள் ஒவ்வொன்றிலும் முதல் பாதியில் அவனைப் பார்த்தீர்களா என்ற விசாரிப்பு; மறு பாதியில், விருந்தாவனத்தில் பார்த்தோம் என்று சேர்ந்து போய் வந்தவர்களின் பதில்.