பர்னபா செய்த வேலை



பத்துப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்துவிட்டு ஒருவர் வெளியே வருகிறார். கையில் ஒரு துணிப்பை, விடுதலைத் தாள், உள்ளே உழைத்துச் சேர்த்த கொஞ்சம் பணம். பேருந்து நிலையத்தில் டீ குடிக்கிறார். "ஸ்கேன் பண்ணிடுங்கண்ணே" என்கிறார் கடைக்காரர். இவருக்குப் புரியவில்லை. இவர் உள்ளே போன காலத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லும். வீட்டுக்கு வருகிறார். கதவு சாத்தியிருந்தால் தள்ளித் திறக்காமல் அப்படியே நிற்கிறார். இத்தனை காலம் கதவை வேறொருவர்தானே திறந்துவிட்டார்! பொழுது சாய்ந்ததும் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார். லாக்கப் நேரம் உடம்பில் பதிந்துபோயிருக்கிறது.

அவர் ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காரப்போவது யார்?

பயமாக இருக்கிறது என்று சொல்கிறீர்களா? சொல்லலாம், தவறில்லை. முதல் சீடர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சவுல் மனம் மாறி, தமஸ்குவிலிருந்து எருசலேமுக்கு வந்து, சீடர்களோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறார். எல்லாரும் ஒதுங்குகிறார்கள், அவரும் ஒரு சீடர் என்பதை யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? சீடரான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது அதற்கு உடன்பட்டு நின்றவர் அவர். வீடு வீடாகப் புகுந்து, ஆண்கள் பெண்கள் என்று பாராமல் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தவர்.

அப்போது பர்னபா என்னும் சீடர் எழுந்து வருகிறார். சவுலைத் தம்மோடு அழைத்துக்கொண்டு திருத்தூதர்களிடம் போகிறார். இவருக்கு ஆண்டவர் எப்படித் தோன்றினார், இவர் எப்படித் துணிந்து போதித்தார் என்று எடுத்துச் சொல்கிறார். சவுலுக்காகத் தம் நல்ல பெயரையே பிணையாக வைக்கிறார். பிறகு சவுல் சொந்த ஊரான தர்சுக்குப் போய்விட, பர்னபா அங்கேயும் தேடிப் போய் அவரை அந்தியோக்கியாவுக்கு அழைத்து வருகிறார். ஓராண்டு முழுவதும் இருவரும் ஒன்றாக இருந்து பணி செய்கிறார்கள். என் மனம் அந்த ஓராண்டிலேயே தங்கிவிடுகிறது. அறிமுகம் செய்துவைத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுவோம். பர்னபா அப்படி நினைக்கவில்லை. பிறகு பவுலடியார் என்று அழைக்கப்பட்ட சவுலின் திருமுகங்களை இன்று நாம் வாசிக்கிறோம் என்றால், அவருக்குப் பின்னால் இந்த மனிதர் இருக்கிறார்.

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றை இந்தியத் திருச்சபை சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடுகிறது. இந்தப் பணியின் பாதுகாவலர் புனித மாக்சிமிலியன் கோல்பே. 1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து, ஆகஸ்ட் 14 அன்று உயிரைக் கொடுத்தவர். நம்மிடம் இன்று யாரும் உயிரைக் கேட்கவில்லை. சிறையிலிருந்து வருகிறவருக்கு வழித்துணையாகப் போக, வாரத்தில் ஒரு மாலை நேரத்தைக் கேட்கிறார்கள்.

வழித்துணையாகப் போகிறவர் என்ன செய்வார்? விடுதலை நாளில் வாசலில் நிற்பார். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று அலையும்போது கூடவே போவார். ஜாமீனில் வந்தவர் என்றால், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் நாளையும் வாய்தாத் தேதியையும் நினைவூட்டுவார். ஒரு வாய்தா தவறினாலும் வாரண்ட் வரலாம். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்தவர் வேலை கேட்டுப் போகும்போது, "இவரை எனக்குத் தெரியும்" என்று வழித்துணையாகப் போகிறவர் ஒரு வார்த்தை சொல்வார். வழக்கைப் பற்றித் துருவமாட்டார். கேட்டதை வெளியே சொல்லமாட்டார். பிடுங்கி நட்ட நாற்று சில நாள் பழுத்து வாடித்தான் நிற்கும். தண்ணீர் கட்டிக் காத்திருந்தால் பச்சை பிடிக்கும். அந்த வாடும் நாள்களில் குடிக்கு, பழைய சேர்க்கைக்கு மனம் இழுக்கும். அப்போது பேச ஓர் ஆள் வேண்டும்.

சிலர் மறுபடியும் தவறுவார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று நம் இரக்கம் வீணாய்ப் போயிற்றென்று சொல்லுவோமா? நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனையாவது முறையாக அதே பாவத்தோடு போகிறோம், ஆண்டவர் என்றாவது நம்மை எண்ணிக்கை கேட்டாரா?

இன்னொரு காரியம். குற்றத்தால் அடிபட்ட குடும்பமும் நம் பங்கில் இருக்கலாம். எருசலேமில் ஸ்தேவானுக்காக அழுதவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்களை அதட்டி அன்பு செய்யச் சொல்லக்கூடாது. திரும்பி வந்தவரை ஒரு கை தாங்கும்போது, மறு கை இவர்களைத் தாங்கட்டும். மன்னிப்பு அவர்களுக்கு வரும் வேளையில் வரட்டும். நாம் அவசரப்படுத்த வேண்டாம்.

மகன் எங்கே என்று கேட்டால் "வெளியூரில் வேலை" என்று சொல்லிவிட்டு, மனுப் போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கிற நாளில் பிஸ்கட்டும் பழமும் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறும் தாய்மாரே, உங்களுக்கும் சொல்கிறேன். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவது தம்மையே பார்க்க வருவது என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் தலைகுனிந்து போகும் அந்த வரிசையில் அவரைத்தான் பார்க்கப் போகிறீர்கள். இனி அந்தப் பயணத்தைத் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் அன்பியத்தில் சொல்ல மனம் வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

மனமுள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும் வாய் காக்கும் குணமும் போதும். சிறைக்குள் போய்ச் சந்திக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டும், அதைச் சிறைப்பணிக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். ஆண்டவர் சீடர்களை அனுப்பியது போல இருவர் இருவராகவே அனுப்புவோம். பெண்களுக்குப் பெண்களே துணை போகட்டும். விடுதலையாகிப் போக வீடில்லாத பெண்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு ஓர் அறை தர யாருக்காவது மனம் இருந்தால், அதையும் அன்றே வந்து சொல்லுங்கள்.